இருவர் காணும் பறவைகள் – குரங்கணி மலைச்சாரலில் சில நாட்கள்

நிக்காஹ் முடிந்து, வலீமா விருந்தும் முடிந்து, உறவினர் வீட்டு விருந்துகள் ஒவ்வொன்றாகத் தொடரும் நாட்களில் மணமக்கள் தனித்து அமர்ந்து பேச அரைமணி நேரம் கிடைப்பதே அரிது. "எங்கேனும் போய் வாருங்களேன்" என்று பெரியவர்கள் சொல்லும்போது நினைவுக்கு வருபவை ஊட்டியும் கோடைக்கானலும்தாம். சென்றவர்கள் ஏரிக்கரைக் கூட்டத்தையும் கடைத்தெருவையும் கண்டு, கைநிறையப் புகைப்படங்களோடு திரும்புகின்றனர். மணமாகிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனவர்களின் பயணமோ வேறு வகை. வேன் பிடித்துக் குடும்பத்தோடு செல்லும்போது அடுப்பும் அண்டாவும் உடன் செல்கின்றன. வீட்டம்மாவுக்கு ஊர் மாறுகிறது, வேலை மாறுவதில்லை.

கணவனும் மனைவியும் மட்டும் இரண்டு மூன்று நாட்கள், ஆரவாரமில்லாத ஓரிடத்தில், ஒன்றையே இருவரும் சேர்ந்து உற்று நோக்கிப் பொழுதைக் கழிக்க முடியுமானால் அது வேறோர் இன்பம். அதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த மலைச்சரிவில் உள்ள குரங்கணி.

ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற போடிக்கு மதுரையிலிருந்து 1928-இல் ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இன் இறுதியில் நின்றுபோன அந்தச் சேவை, 2023 ஜூன் முதல் மீண்டும் நடைபெறுகிறது. போடியிலிருந்து மலையை நோக்கிச் சென்றால் முந்தல் என்னுமிடத்தில் சாலை பிரிகிறது. ஒரு கிளை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளம் செல்கிறது. மற்றது கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணியில் போய் முடிகிறது. அதற்கு மேல் நடைபாதைதான்.

இன்று அமைதியாகக் கிடக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் பரபரப்பாக இருந்தது. மூணாற்றுத் தோட்டங்களில் விளைந்த தேயிலை சிறு ரயிலில் மலை விளிம்புக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்த அடிவாரத்திற்கு இறங்கும். பின்னர் மாட்டுவண்டியில் போடி போய்ச் சேரும். மலை விளிம்பில் இருந்த நிலையத்தின் பெயரே இன்றும் டாப் ஸ்டேஷன் என்று வழங்குகிறது. நடுவழி ஊருக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர். ரயிலே இல்லாத காட்டுக்குள் இப்படி இரண்டு ஸ்டேஷன்கள்! மேலே ஓடிய ரயிலை 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

பஜ்ருத் தொழுகைக்கு எழும் பழக்கம் உடையவர்களுக்குப் பறவை பார்ப்பதில் ஒரு தனி வசதி உண்டு. தொழுது முடித்து வெளியே வரும் வேளையும் பறவைகள் குரலெடுக்கும் வேளையும் ஒன்றே. மலையோடைகளின் அருகே, யாரோ ஒரு சிறுவன் வேலையின்றிச் சீழ்க்கையடித்துக்கொண்டு நடப்பது போன்ற ஓசை கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடல், நெற்றியிலும் தோளிலும் பளிச்சிடும் நீலம். பாட்டைக் கேட்பது எளிது, ஆளைக் காண்பது கடினம். குளிர்காலத்தில் இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து தங்கும் ஆறுமணிக்குருவி, காலையும் மாலையும் கருக்கலில் இரண்டு அசைகளில் கூவிவிட்டுப் பகலெல்லாம் சருகுகளுக்கிடையே மௌனமாக இரை தேடும். பச்சை, நீலம், செம்மை என்று பல வண்ணங்களை அணிந்த அக்குருவியை ஒருமுறை நேரில் கண்டவர் மறப்பதில்லை.

மிளகுக் கொடிகளைத் தாங்கி நிற்கும் கல்யாண முருங்கை மரங்கள் தை மாதத்தை ஒட்டிச் செந்நிறமாகப் பூத்திருக்கும். அத்தகைய ஒரு மரத்தடியில் அசையாமல் அமர்ந்தால் போதும். தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் செம்மீசைச் சின்னானும் தாமே வந்து சேரும். கீழே போடியின் சமவெளி வயல்களில் கொண்டலாத்தியைக் காணலாம். நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவை இதுதான் என்று சொன்னால், வீட்டுக் குழந்தைகள் அதை இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

இம்மலைத்தொடரின் அடர்காடுகளில் வாழும் இருவாச்சியின் இல்லறம் தனிக்கதை. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் துணைக்கும் குஞ்சுக்கும் வாரக்கணக்கில் ஆண் பறவையே பழம் கொணர்ந்து ஊட்டும். வேட்டைக்காரன் வெளியிலிருக்கும் அந்த ஒன்றைச் சுட்டால், பொந்துக்குள் இருக்கும் குடும்பமே பசியில் அழியக்கூடும்.

பறவைகளைத் தேடிக் கணவனும் மனைவியுமாகக் காட்டில் தங்குவது ஏதோ மேலைநாட்டு நாகரிகம் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி, 1896-இல் மும்பை முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1918-இல் தஹ்மினாவை மணந்தார். ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-இல் திரும்பியபோது, மும்பை அருங்காட்சியகத்தில் முன்பு பார்த்த வேலை அவருக்கு இல்லாமற்போயிற்று. நகரத்து வாழ்க்கைக்குப் பணம் போதாமல், இருவரும் மும்பைக்கு அருகே கீஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்திற்குக் குடிபெயர்ந்தனர். வறுமைதான் அவர்களை அங்கு அனுப்பியது. ஆனால் அந்த ஊரின் தூக்கணாங்குருவிக் கூடுகளே அவருக்குப் புகழின் வாயிலாயின. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் குருவி வந்து சோதித்து, மனத்துக்குப் பிடித்தால்தான் குடியேறும். பின்னர் ஆண் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி அடுத்த துணையைத் தேடும். இவ்வழக்கத்தை நாள்தோறும் அமர்ந்து கண்டு எழுதியவர் அவர்.

1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கச் சாலிம் அலி புறப்பட்டபோது தஹ்மினாவும் உடன் சென்றார். மறையூர், மூணாறு என அவர்கள் தங்கிய இடங்கள், குரங்கணிக்கு மேலே தெரியும் மலைமுகட்டின் மறுபுறத்தில் உள்ளவை. காட்டு முகாம்களின் கடின வாழ்வை விரும்பி ஏற்ற அந்த அம்மையார் இங்கிலாந்தில் கல்வி கற்றவர். கணவரின் ஆங்கில நடையைச் செப்பம் செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு. 1939-இல் சிறு அறுவைச் சிகிச்சை ஒன்றையடுத்து அவர் காலமானபோது சாலிம் அலி நிலைகுலைந்து போனார். அவருடைய புகழ்பெற்ற இந்தியப் பறவைகள் நூல் 1941-இல்தான் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை. நம் வீடுகளில் மனைவியைப் பயணத்துக்கு அழைத்துச் செல்வோர் பலர். தம் ஆர்வத்தில் பங்கு தருவோர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

குரங்கணியைப் பற்றி எழுதும்போது 2018 மார்ச் 11-ஐ மறைத்துவிட்டு எழுத இயலாது. அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மணமாகிச் சில மாதங்களே ஆன தம்பதியரும் அவர்களுள் அடங்குவர். மாசி, பங்குனியில் இச்சரிவுகளின் புல் காய்ந்து கிடக்கும். காற்று வீசினால் மனிதன் ஓடும் வேகத்தைவிடத் தீ விரைவாக மேலேறும். கோடையில் தீ அபாயத்தை முன்னிட்டு வனத்துறை காட்டுப் பாதைகளை மூடிவிடுவது இதனால்தான். அக்காலத்தில் "குறுக்குவழி தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று அழைப்பவர் எவராயினும், அவர் பேச்சைக் கேட்கலாகாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வழிகாட்டியுடன் செல்லும் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்தே செல்ல வேண்டும். ஆனால் பறவை பார்க்க மலையேற வேண்டிய கட்டாயமே இல்லை. போடியில் தங்கிக்கொண்டு விடியலில் புறப்பட்டாலும், அனுமதி பெற்று நடத்தப்படும் தோட்ட வீடு ஒன்றில் தங்கினாலும், ஊரையும் ஆற்றங்கரையையும் ஒட்டிய சாலையில் நடப்பதே போதுமானது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தை மாதமும் மிக உகந்தவை. குளிருக்கு ஒரு சால்வை, அட்டை கடிக்காதிருக்க நீண்ட காலுறை, மங்கிய நிற உடை, ஒரு தொலைநோக்கி. இரண்டு வாங்க வசதியில்லையென்றால் ஒன்றே போதும். பறவை பறந்துவிடும் முன் அதை முதலில் மனைவியின் கையில் கொடுங்கள்.