பழைய தங்க வாட்ச் வாங்கினால் பணம் பெருகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"போனஸ் வந்திருக்கு. பழைய சுவிஸ் தங்க வாட்ச் வாங்கிப் போட்டா விலை ஏறுமாமே?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இதில் எல்லாரும் தேடுவது குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியும் சேர்ந்த கைக்கடிகாரம். ஏலச் செய்திகளில் கோடிக்கணக்கில் போவதும் இந்த ரகம்தான்.

விலை தங்கத்துக்கா?

இல்லை. படேக் ஃபிலிப் 1518 என்ற மாடலை எடுத்துக்கோங்க. 1941-ல் வந்தது, மொத்தமே சுமார் 281 தான். பெரும்பாலானவை தங்கம். ஸ்டீலில் இருப்பதாகத் தெரிந்தவை நாலே நாலு. 2016-ல் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் ஒரு ஸ்டீல் 1518 சுமார் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது.

2021-ல் எகிப்து இளவரசர் டூசூனிடம் இருந்த ரோஸ் கோல்டு 1518, சாத்பீஸ் ஏலத்தில் சுமார் 95.7 லட்சம் டாலர். அதே வருஷம், எகிப்து மன்னர் ஃபாரூக்கின் ரோஸ் கோல்டு 1518 கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 9.1 லட்சம் டாலர். அதே மாடல், அதே உலோகம், பத்து மடங்கு வித்தியாசம்! இளவரசரின் வாட்சில் டயலும் ரோஸ் நிறம், அது மிக அரிது. வாட்சும் நல்லா பாதுகாக்கப்பட்டிருந்தது.

18 கேரட் என்றால் 75% தங்கம். கேஸ் 20 கிராம் என்று வைத்தால், சுத்தத் தங்கம் 15 கிராம். உருக்கினால் கிட்டத்தட்ட இரண்டு பவுன் நகைக்குச் சமம். "எப்படியும் தங்கம் இருக்கே" என்ற தைரியம் அவ்வளவுக்குத்தான்.

நிபுணர்களே ஏமாந்த கதை

2021-ல் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்று ஒரு வாட்ச் 31 லட்சம் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் மியூசியத்துக்காக! வேறு வேறு வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது அது என்று 2023-ல் அந்த நிறுவனமே சொன்னது. முன்னாள் ஊழியர்கள் மூவருக்குத் தொடர்பு என்றும் சொன்னது. தயாரித்த கம்பெனிக்கே இந்த நிலைமை. இன்ஸ்டாகிராமில் போட்டோ பார்த்து வாங்கும் நமக்கு?

அசலைத் தொடவே எவ்வளவு நாள்?

ஏலத்தில் 10 லட்சத்துக்குக் கேட்கிறீங்க. ஏல நிறுவனத்தின் கட்டணம் 25% என்றால், கையை விட்டுப் போவது 12.5 லட்சம். பிறகு விற்கும்போது கமிஷன் 10% என்று வைங்க. அசல் திரும்ப வர, வாட்ச் 13.89 லட்சத்துக்குப் போகணும். வருஷம் 7% விலை ஏறினாலும் கிட்டத்தட்ட 5 வருஷம்! சுங்க வரி, சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. நடுவில் வட்டியோ டிவிடெண்டோ கிடையாது.

வரி விஷயம்

- 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வாட்ச் என்றால், 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1% டிசிஎஸ் பிடிக்கணும். அது உங்கள் பான் எண்ணில் பதிவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.
- சொந்த உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் நகைக்கு இந்தச் சலுகை கிடையாது. தங்கத்தில் செய்த ஆபரணமும் நகையில் அடக்கம் என்பதால், தங்க வாட்சை வரித்துறை அப்படிப் பார்க்க இடம் உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தில் 12.5%. அதனால் வாங்கிய பில்லைத் தொலைச்சிடாதீங்க.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம், வரிசைப்படி. ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி, டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி மூன்றும் ஓடணும். கிரெடிட் கார்டு இஎம்ஐயில் வேண்டாம். படேக் மாதிரி நிறுவனங்கள் தங்கள் ஆவணத்திலிருந்து தரும் சான்று இருக்கா என்று கேளுங்க. அதில் தயாரித்த வருஷம் தெரியும், பாகங்கள் அசலா என்பது தெரியாது. அதற்குப் பழைய வாட்ச் தெரிந்த ஒருவர் திறந்து பார்க்கணும். வாங்கிய பிறகு பளபளப்புக்காக பாலிஷ் போடாதீங்க, மதிப்பு குறையும்.

பட்ஜெட்டில் அதை 'ஆசைச் செலவு' என்ற வரியில் எழுதுங்க. விலை ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டாலும் உங்கள் ரிட்டயர்மென்ட் கணக்கு ஆடக்கூடாது. தங்கத்தில்தான் பணம் போடணும் என்றால் கோல்டு இடிஎஃப் இருக்கு. அதை வாங்கவும் விற்கவும் யாரும் 25% கேட்க மாட்டாங்க.