மாலிப் பேரரசின் செல்வவளத்தில் உப்பு வணிகத்தின் பங்கு

முன்னுரை

13ஆம் நூற்றாண்டில் சுந்தியாத்தா கெய்த்தாவால் நிறுவப்பெற்ற மாலி, இடைக்கால மேற்கு ஆப்பிரிக்காவின் செல்வம் மிக்க பேரரசாகும். அதன் மன்னர் மன்சா மூசா, 1324இல் மக்கா செல்லும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னே அப்பேரரசின் அடையாளமாக நிலைபெற்றுவிட்டது. எனினும் அச்செல்வத்தைப் பொன்னைக் கொண்டு மட்டும் விளக்குதல் இயலாது. பொன்னும் உப்பும் கைமாறிய வழிகளின் மீது மாலி கொண்டிருந்த ஆளுகையே அதன் அடிப்படை என்பதை இக்கட்டுரை அரபு நூலோர் குறிப்புகளின் வழி விளக்குகிறது.

பொன் விளைந்த நிலங்கள்

செனகல் ஆற்றின் மேற்பகுதியில் பம்புக்கும் நைஜர் ஆற்றின் மேற்பகுதியில் புரேயும் பொன் கிடைத்த முதன்மைப் பகுதிகள். பொன் எடுத்த மக்கள் இஸ்லாத்தைத் தழுவாதவர்கள். அவர்தம் ஊர்களை வென்று சமயம் பரப்பியபோதெல்லாம் பொன்வரவு குன்றியதால், மாலி மன்னர்கள் திறை பெறுவதோடு அமைந்தனர் என்கிறார் 14ஆம் நூற்றாண்டினரான அல் உமரி. எனவே, சுரங்கங்களை நேரடியாக ஆளாமலேயே பொன்னைப் பெறும் நிலை உருவாயிற்று.

உப்பின் மதிப்பு

தென்பகுதியில் உப்பு அரிது. சகாராவின் தகாசாவில் வெட்டப்பட்ட உப்புப் பாளங்களை ஒட்டகங்கள் தெற்கே சுமந்து சென்றன. 1352இல் அங்குத் தங்கிய இப்னு பத்தூத்தா, வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன என்கிறார். உப்பு வெட்டியவர்கள் மசூஃபா இனத்தாரின் அடிமைகள். அவர் தரும் விலைக் குறிப்பு இன்றியமையாதது: ஒரு சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கு விற்றது, மாலி நகரில் 20 முதல் 30 மிஸ்காலுக்கும், சிலபோது 40 மிஸ்காலுக்கும் விற்றது. ஒரு மிஸ்கால் ஏறத்தாழ 4.25 கிராம். உப்பைத் துண்டுகளாக்கி நாணயம்போலவும் வழங்கினர்.

இவ்வணிகத்தால் அரசு பயனடைந்த முறையை மாலிக்கு முந்திய கானா அரசு காட்டுகிறது. அங்கு ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வர ஒரு தினாரும், வெளியே செல்ல இரண்டு தினாரும் வரியாகப் பெறப்பட்டன என 11ஆம் நூற்றாண்டில் அல் பக்ரி எழுதினார்.

கெய்ரோவில் பொன்னின் வீழ்ச்சி

மூசாவின் வருகைக்கு முன் கெய்ரோவில் ஒரு மிஸ்கால் பொன் 25 திர்ஹாமுக்குக் குறையாதிருந்தது. பின்னர் அது 22 திர்ஹாமுக்கும் கீழே இறங்கி, ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழிந்தும் மீளவில்லை என்கிறார் அல் உமரி. அரிதாய் இருந்த இடத்தில் உப்பின் விலை ஏறியதும், மிகுதியாய்க் குவிந்த இடத்தில் பொன்னின் விலை இறங்கியதும் ஒரே நெறியின் இரு விளைவுகளாகும்.

முடிவுரை

1375ஆம் ஆண்டின் கத்தலான் நிலப்படம் மூசாவைக் கையில் பொன்னுருண்டையுடன் காட்டுகிறது. தகாசாவின் அடிமைகளும் புரேயின் பொன் எடுப்போரும் அப்படத்தில் இல்லை. அவர்தம் உழைப்பையும், அதனை இணைத்த வணிக வழிகளையும் சேர்த்து நோக்கும்போதே மாலியின் பொருளியல் வரலாறு முழுமை பெறும்.