ஈத் தூண்டில் மீன்பிடிப்பு

ஈத் தூண்டில் மீன்பிடிப்பு என்பது இறகும் நூலும் கொண்டு முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சியால் மீன் பிடிக்கும் முறையாகும். குளிர்ந்த, தெளிந்த ஆறுகளில் வாழும் டிரவுட் மீன், நீரோடு வரும் பூச்சிகளை உண்ணும். அப்போது எந்தப் பூச்சி வருகிறது என்று கவனித்து, அதைப் போன்றதை மிதக்கவிட்டு மீனை நம்பவைப்பதே இதன் ஈர்ப்பு. ஆங்கிலக் கவிஞர் சார்லசு காட்டன் 1676இல் இம்முறையை விரிவாக எழுதினார்.

செயற்கைப் பூச்சிக்கு எடை மிகக் குறைவு. கனமான தூண்டில் கயிறே அதைச் சுமந்து செல்கிறது. எனவே, தொடங்குவோர் முதலில் வீசப் பழக வேண்டும். 9 அடிக் கோலும் 5ஆம் எண் கயிறும் போதும். முள்ளுக்குப் பதில் கம்பளி நூலைக் கட்டிப் புல்வெளியில் பழகலாம். பின்னால் வீசிய கயிறு முழுதும் நீளும்வரை பொறுத்தே முன்னால் வீச வேண்டும். பிடித்த மீனை விடுவதானால் ஈரக் கையால் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்பான காப்புப் படலத்தைச் சிதைக்கும்.