பஞ்சம் பொறுக்கிய குருவிகள்

நெருஞ்சி முள்ளை மிதித்தவர்களுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். அந்த முள்ளுக்குள்ளே ஒளிந்திருக்கும் விதையை உடைத்துத் தின்ன முடியுமா, முடியாதா? 1977-ஆம் ஆண்டில் ஒரு சின்னஞ்சிறு தீவில் வாழ்ந்த குருவிகளின் தலைவிதியை இந்தக் கேள்விதான் நிர்ணயித்தது. உடைக்க முடிந்தவை பிழைத்தன, முடியாதவை மடிந்தன.

ஜீவராசிகள் சூழ்நிலைக்குத் தக்கபடி எவ்வாறு மாறுகின்றன என்பதை விஞ்ஞானிகள் கண்கூடாகக் கண்டது அந்தத் தீவில்தான்.

டார்வின் கண்ட தீவுகள்

தென் அமெரிக்காவில் உள்ளது ஈக்வடார் நாடு. அதன் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில், பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே காலாபாகஸ் தீவுகள் இருக்கின்றன. 1835-ஆம் ஆண்டில் ‘பீகிள்’ என்ற கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் இங்கே இறங்கினார். அப்போது அவருக்கு வயது 26.

டார்வின் பல பறவைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அவற்றில் சிலவற்றுக்குப் பாக்குவெட்டி போலப் பருத்த அலகு. சிலவற்றுக்கு மெல்லிய கூரிய அலகு. ஆகவே அவை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள் என்றே அவர் எண்ணியிருந்தார். 1837-ல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் அவற்றைப் பரிசோதித்தார். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடைய ‘பிஞ்ச்’ குருவிகளே என்று அவர் சொன்னதும் டார்வின் யோசனையில் ஆழ்ந்தார். ஒரே வம்சத்துக்கு இத்தனை விதமான அலகுகள் எப்படி வந்தன?

1859-ல் வெளியிட்ட நூலில் டார்வின் தம் விடையைக் கூறினார். ‘இயற்கைத் தேர்வு’ என்று அதற்குப் பெயர்.

மூன்று உண்மைகள்

இந்தத் தத்துவத்தைப் புரிந்துகொள்ள மூன்று உண்மைகளை மனத்தில் வைத்தால் போதும்.

முதலாவது, ஓர் இனத்தில் பிறந்தவை எல்லாம் ஒன்று போல் இருப்பதில்லை. ஒரே கூட்டில் பொரித்த குஞ்சுகளில்கூட ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டாவது, இந்த வேற்றுமைகளில் பல, பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு வருகின்றன. மூன்றாவது, பிறப்பவை அனைத்தும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும் வரை உயிரோடு இருப்பதில்லை. இரைப் பஞ்சம், நோய், பகை என்று எத்தனையோ இடையில் குறுக்கிடுகின்றன.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எந்த வேற்றுமை பிழைக்க உதவுகிறதோ, அதை உடையவை அதிகமாகப் பிழைக்கும். அதிகமாகச் சந்ததி விடும். தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் குணம் பெருகும்.

ஆனால் இது மிக மெதுவாக நடப்பது. மனிதன் தன் ஆயுளில் காண முடியாது என்று டார்வின் கருதினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்குத் தவறிவிட்டது.

குருவிகளை அளந்த தம்பதிகள்

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற விஞ்ஞானத் தம்பதிகள் 1973-ல் காலாபாகஸைச் சேர்ந்த டாப்னே மேஜர் என்ற தீவில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். அதை எரிமலைப் பாறை என்றே சொல்லலாம். பரப்பளவு அரைச் சதுரக் கிலோமீட்டர்கூட இல்லை. மனிதக் குடியிருப்பும் கிடையாது. குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, காலில் வர்ண வளையம் மாட்டி, அலகின் நீளம், அகலம், பருமன் ஆகியவற்றை அளந்து எழுதிவிட்டுப் பறக்கவிட்டார்கள். இந்தக் குருவிக்கு அந்தக் குருவி பிள்ளை என்று வம்சாவளியும் தயாராயிற்று. அலகு பருத்த பெற்றோருக்குப் பருத்த அலகுள்ள குஞ்சுகளே பெரும்பாலும் பிறக்கின்றன என்பது அதிலிருந்து தெரியவந்தது.

1977-ல் மழை பொய்த்தது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் பெய்தது 24 மில்லிமீட்டர் மட்டுமே. செடிகள் வாடின. மண்ணில் கிடந்த சிறிய, மெல்லிய விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. கடைசியில் எஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் நிறைந்த காய். அதை உடைக்கப் பலமான அலகு வேண்டும்.

நடுத்தர அளவுள்ள பிஞ்ச் குருவிகளில் நூற்றுக்கு சுமார் 85 இறந்து போயின. தப்பியவற்றை விஞ்ஞானிகள் பழைய அளவுகளோடு ஒப்பிட்டார்கள். பிழைத்த குருவிகளின் அலகு, பஞ்சத்துக்கு முந்தைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் பருமனாக இருந்தது!

அரை மில்லிமீட்டர் என்றால் நம் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தக் குருவிகளுக்கு அதுவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்ற எல்லை. 1978-ல் மழை பெய்து, புதுக் குஞ்சுகள் பிறந்தன. அவற்றின் அலகும் பழைய சராசரியைவிடப் பருமனாகவே இருந்தது.

அலகு வளர்ந்ததா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கடினமான விதையைக் கடித்துக் கடித்துக் குருவிகளின் அலகு பருத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. பருத்த அலகும் சிறுத்த அலகும் பஞ்சத்துக்கு முன்பே அங்கே இருந்தன. பஞ்சம் புதிதாக ஒன்றையும் படைக்கவில்லை. இருந்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தது. மாறியது தனிக் குருவி அல்ல, குருவிக் கூட்டம்.

அப்படியானால் பருத்த அலகுதான் உயர்ந்ததா? அதுவும் இல்லை. 1983-ல் தீவில் பெருமழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடின. எங்கு பார்த்தாலும் சிறு விதைகள். அடுத்து வறட்சி வந்தபோது, சிறு விதைகளைச் சுறுசுறுப்பாகப் பொறுக்கித் தின்ற சிறிய அலகுக் குருவிகளே அதிகமாகப் பிழைத்தன. இயற்கை எந்த இலட்சியத்தையும் நோக்கி ஜீவன்களை ஓட்டிச் செல்வதில்லை. இன்றைய சூழ்நிலைக்கு எது பொருந்துகிறதோ அது நிற்கிறது, அவ்வளவுதான்.

இத்தகைய சிறு மாறுதல்கள், தனித்தனித் தீவுகளில் லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தால் புதிய இனங்களே தோன்றிவிடும். ஒரே மூதாதையரிடமிருந்து டார்வின் கண்ட குருவிகள் அனைத்தும் பிரிந்தது அப்படித்தான்.

நம் வீட்டுக் கொசு

எங்கோ ஒரு தீவில் நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். “கொசுக்களுக்கு மருந்து பழகிவிட்டது” என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் எந்தக் கொசுவும் பழகிக்கொள்வதில்லை. மருந்தைத் தாங்கும் சக்தியோடு பிறந்த கொசுக்கள் சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிடுகிறது. தப்பிய சிலவற்றின் சந்ததி பெருகுகிறது.

இந்தியாவில் 1953-ல் டி.டி.டி. தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தும் முயற்சி தொடங்கியது. 1960-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தது. ஆனால் 1976-ல் அது 64 லட்சத்தையும் தாண்டிவிட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. மருந்துக்குச் சாகாத கொசுக்கள் பெருகியது அவற்றுள் முக்கியமான ஒன்று.

டாப்னே தீவில் பஞ்சம் செய்த வேலையை இங்கே மருந்து செய்தது. ஒரே மருந்தை ஓயாமல் தெளிக்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்று பூச்சியியல் நிபுணர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. எந்தப் பூச்சி பிழைத்துப் பெருக வேண்டும் என்பதை, அறிந்தோ அறியாமலோ, மருந்து தெளிக்கும் கைதான் தேர்ந்தெடுக்கிறது.