வயர் எங்கே, கண்டுபிடியுங்கள்!

காரின் கதவு அகலத் திறந்திருக்கிறது. வெளியே இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மிச்ச ஆள் ஸ்டீயரிங்குக்குக் கீழே, கிளட்ச் பெடல் மூக்கில் இடிக்காத குறையாக மல்லாந்து கிடக்கிறார். வாயில் குட்டி டார்ச் ஒன்றைக் கவ்வியிருப்பதால் நாங்கள் எதைக் கேட்டாலும் "ம்ம்" என்ற ஒரே பதில்தான். அந்த "ம்ம்" திடீரென்று சுருதி ஏறி "ம்ம்ம்ம்!" என்று ஆனபோது எனக்கும் நண்பருக்கும் புரிந்துவிட்டது. ஃபியூஸ் பெட்டி திறந்துவிட்டது!

கார், போர்ஷே கேமன் எஸ். 2007 மாடல். 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், இன்ஜின் இருப்பது சீட்டுக்குப் பின்னால். இப்படி ஒரு கார் தன் உள்ளுறுப்புகளைத் திறந்து காட்டுவதை இத்தனை பக்கத்தில் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டாமா! கார் நண்பருடையது. வேலை செய்பவர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரை ஒட்டிய புறநகரில் கார் ஸ்டீரியோ, அலாரம், கேமரா என்று வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவர். இன்றைக்கு அவர் செய்யப்போவது, பின்பார்வைக் கண்ணாடியின் அருகில் போலீஸின் வேக ராடாரை மோப்பம் பிடித்து எச்சரிக்கும் ராடார் டிடெக்டர் ஒன்றைப் பொருத்தி, ஒரு முழ வயர்கூட வெளியே தெரியாமல் காரின் மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்த்துவிடுவது. நான் வேடிக்கை பார்க்க வந்தவன். காலை ஒன்பதரைக்கு நின்ற இடத்தில் மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றேன்.

இந்த வேலையைச் சின்சினாட்டியில் பார்ப்பதில் ஒரு தனிக் குஷி இருக்கிறது. பேர்போன ராடார் டிடெக்டர்கள் சிலவற்றுக்கு இது பிறந்த வீடு. 1974இல் பெட்ரோலை மிச்சம் பிடிக்க, நாடு முழுவதும் மணிக்கு 55 மைல்தான் என்று நிக்ஸன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். விரிந்து கிடக்கும் நெடுஞ்சாலையில் 88 கிலோமீட்டர் வேகம்! டிடெக்டர் வியாபாரம் சூடு பிடித்தது. 1978இல் ஜிம் ஜேகர், மைக் வாலன்டைன் என்ற இரண்டு இன்ஜினியர்கள் இதே ஊரில் 'சின்சினாட்டி மைக்ரோவேவ்' என்ற கம்பெனியின் பெயரில் 'எஸ்கார்ட்' டிடெக்டரைக் கொண்டுவந்தார்கள். பிறகு இருவரும் பிரிந்தார்கள். வாலன்டைன் தனியாகப் போய் 1992இல் வெளியிட்டதுதான் 'வாலன்டைன் ஒன்'. முன்னால் ஒரு ஆன்டெனா, பின்னால் ஒரு ஆன்டெனா. சிக்னல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தில் சிவப்பு அம்புக்குறி எரியும். எத்தனை சிக்னல் என்று எண்ணியும் சொல்லும். நண்பர் கையில் இருப்பது அந்த வகையில் ஒரு பழையது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உள்ளங்கையில் வைத்து அலுங்காமல் கொண்டுவந்தார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்தக் காரில் இதை வைத்துக்கொள்ள ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் தடையில்லை. வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் கூடாது. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள வணிக வாகனங்களுக்கு 1994 முதல் நாடு முழுவதும் தடை. நண்பர் வர்ஜீனியா பக்கம் போனால் எல்லைக்கு முன்பே வண்டியை நிறுத்தி, கழற்றி, டிக்கியில் வைத்துப் பூட்டிவிடுவார். இந்தக் காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிக்கி! பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் அவர் ஓட்டும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போவார். அப்படிப்பட்டவர் கையில் இந்தப் பெட்டி இருப்பதில் எனக்குச் சங்கடமே இல்லை.

சரி, வயருக்கு வருவோம்.

பெட்டியோடு ஒரு சுருள் வயர் வரும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிக்கொள்ள. செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சுருள் முன்கண்ணாடியிலிருந்து டேஷ்போர்டுக்குக் குறுக்கே இறங்கி, கியர் போடும் கைமேல் உரசிக்கொண்டே கிடக்கும். பட்டுப் புடவை கட்டிவிட்டு உள்பாவாடை நாடா வெளியே தொங்குவது போல. நேரடி வயரிங் என்பது அந்த நாடாவை உள்ளே தள்ளும் கலை.

முதலில் இடம் பார்க்கும் படலம். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, டிடெக்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறார். கொஞ்சம் மேலே. கொஞ்சம் இடது. இறங்கிப் போய்க் காருக்கு முன்னால் குனிந்து பார்க்கிறார். பின் கண்ணாடி வழியாகவும் பார்க்கிறார், ஏனென்றால் பின் ஆன்டெனாவுக்கும் பார்வை வேண்டும். பெட்டி தரைக்கு இணையாக, நேராகச் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும். வைப்பர் மறைக்கக் கூடாது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஓடும் கறுப்புப் பட்டையும் மறைக்கக் கூடாது. ஓட்டுபவரின் பார்வையை மறைக்கவே கூடாது. காற்றைப் பிடித்து ஒட்டும் ரப்பர் கப் அவருக்கு ஆகாது. "ஜூலை வெயில்ல ஒரு நாள் மடியில விழும்" என்றார். அவர் எடுத்தது பின்பார்வைக் கண்ணாடியின் தண்டைக் கவ்விக்கொள்ளும் ஓர் உலோகப் பிடி. இரண்டே ஸ்குரூ. கடைசிச் சுற்றை விரல் நுனியால் திருகிவிட்டு, அதில் தொங்கிப் பார்ப்பது போல மெல்ல அழுத்தினார். அசையவில்லை!

அடுத்து நான் காத்திருந்த கட்டம். ஃபியூஸ் பெட்டி.

இந்த மாடலில் அது டிரைவரின் இடது காலுக்குப் பக்கத்தில், பக்கவாட்டுச் சுவரில், ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மூடியைக் கழற்றினால் ஒரு குட்டி வண்ணக் கண்காட்சி! சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஃபியூஸைப் பிடுங்க மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஓர் இடுக்கியையும் போர்ஷேக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் குழந்தை மாதிரி கை தட்டிவிட்டேன்.

நமக்கு வேண்டியது சாவி போட்டால் உயிர் வந்து, சாவி எடுத்தால் அடங்கும் ஒரு லைன். எப்போதும் உயிரோடு இருக்கும் லைனில் சேர்த்தால் டிடெக்டர் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துவிடும். அவர் மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு ஃபியூஸின் தலையையும் தொட்டுக்கொண்டே போகிறார், நாடி பார்ப்பது போல. "சாவி!" என்றார். நண்பர் ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். போர்ஷேயில் சாவித் துவாரம் இடப்பக்கம். மீட்டரில் 12க்குச் சற்று மேல். "எடுங்க!" பூஜ்யம். இன்னும் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தார். சில லைன்கள் சாவி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தூங்காமல் அடம்பிடிக்குமாம். இது நல்ல பிள்ளை, உடனே தூங்கிவிட்டது.

அந்த இடத்தில்தான் 'ஃபியூஸ் டேப்' என்ற சின்ன அற்புதம் நுழைகிறது. ஒரு ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு ஃபியூஸ் உட்காரும் மாடி வீடு அது. கீழ் வீட்டில் பழைய ஃபியூஸ், பழைய வேலைக்கு. மாடியில் நம்முடைய 2 ஆம்பியர் ஃபியூஸ், சாம்பல் நிறம், டிடெக்டருக்கு மட்டும். டிடெக்டர் ஓர் ஆம்பியர்கூடக் கேட்காது. காரின் ஒரிஜினல் வயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம், உரிக்க வேண்டாம். என்றைக்கு வேண்டாமென்று தோன்றுகிறதோ அன்றைக்குப் பிடுங்கிவிட்டுப் பழைய ஃபியூஸைப் போட்டால் கார் பழையபடி!

ஆனால் அதைச் செருகுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபியூஸைப் பிடுங்கிய பின் தெரியும் இரண்டு துளைகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருக்கும். டேப்பில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தத் துளையில் இறங்க வேண்டும். திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும்; ஆனால் அப்போது டிடெக்டரின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடி, அதன் சுமையில் சேர்ந்துகொள்ளும். அவர் மீட்டரால் இரண்டு துளைகளையும் தொட்டுப் பார்த்து, டேப்பை ஒருமுறை திருப்பி, கட்டைவிரலால் அழுத்தினார். டக். எனக்கு அந்தச் சத்தம் ஒரு வாரம் காதில் இருந்தது.

டிடெக்டர் வயரின் இன்னொரு இழைக்கு எர்த் வேண்டும். பெயின்ட் அடித்த இடத்தில் போல்ட் போட்டால் பெயின்ட் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பக்கத்திலேயே கார்க் கம்பெனியே எர்த் எடுத்த ஒரு போல்ட் இருந்தது. வளையம் ஒன்றை வயர் நுனியில் கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டினார். குழாய் சுருங்கி வயரைத் தழுவிக்கொள்ளும் அந்த மூன்று விநாடி! கிரிம்ப் செய்த பிறகு வயரை ஒரு வெடுக் இழுத்துப் பார்த்தார். "இப்ப வரலேன்னா எப்பவும் வராது."

அந்த மூலையில் இன்னொன்றும் அகப்பட்டது. முந்தைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ எதற்கோ போட்ட நீலப் பிளாஸ்டிக் கவ்வி. வயரை உரிக்காமல் கடித்துப் பிடித்துக்கொள்ளும் ரகம். கடித்த இடத்தில் செம்பு பாதி அறுந்து, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. காசு கேட்காமல் அதை எடுத்தெறிந்து, அந்த இடத்தையும் சரிசெய்தார்.

இனி பயணம். கண்ணாடியிலிருந்து கால்மாட்டுக்கு. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் கூரைத் துணிக்கும் சட்டத்துக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி. ஒரு தட்டையான நைலான் கரண்டியால் வயரை அதற்குள் விரல் விரலாகத் தள்ளிக்கொண்டே போகிறார். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர்கள் தையல் வெளிப்பக்கம் தெரியாமல் ஒற்றை இழையைக் குத்தி எடுப்பார்களே, அதே நிதானம், அதே விரல் கணக்கு. ஓரத்துக்கு வந்ததும் கதவு ரப்பரைக் கொஞ்சம் பிரித்து, கண்ணாடியோரத் தூணின் மூடியைத் தளர்த்தினார். இங்கேதான் பல கார்களில் ஆபத்து இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தூணுக்குள் சுருண்டு படுத்திருக்கும். அதற்கு முன்னால் வயரைப் போட்டால், விரியும் வேகத்தில் வயரும் பறந்து வரும். எப்போதும் பின்பக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும். இந்த கேமனில் தலைக்கான ஏர்பேக் கதவிலிருந்து மேல்நோக்கி எழும்புவது, அதனால் தூண் காலி. இருந்தும் டார்ச் அடித்து உள்ளே பார்த்த பிறகுதான் வயரை விட்டார். அந்த ஒரு பார்வைக்காகவே என் காரையும் அவரிடம்தான் கொடுப்பேன்.

வயர் முழுக்க கறுப்புத் துணி டேப்பைச் சுற்றியிருந்தார், டெசா என்ற ஜெர்மன் டேப். கார்க் கம்பெனிகளும் வயர்க் கட்டுகளுக்கு இந்த மாதிரித் துணி டேப்பைத்தான் சுற்றுகின்றன. பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் உரசி வரும் கிறீச் சத்தத்தை இது விழுங்கிவிடும். தொட்டுப் பார்த்தேன், பூனைக்குட்டியின் காது மாதிரி இருந்தது! மிச்சமிருந்த ஒன்றரை அடி வயரைச் சுருட்டி, பெடல்கள் இருக்கும் பக்கமே வராதபடி மேலே கட்டிவிட்டார். கிளட்ச்சைக் கையால் அழுத்திப் பார்த்தார், பிரேக்கை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தட்டவில்லை.

கடைசியில் பிளக். நம் வீட்டு லேண்ட்லைன் போனில் இருந்ததே, அழுத்தினால் டிக் என்று மாட்டிக்கொள்ளும் பிளக், அதேதான்! ஆனால் பிளக் ஒன்று போல இருக்கிறதே என்று வேறு கம்பெனி டிடெக்டரின் வயரை இதில் செருகிவிடக் கூடாது. உள்ளே பாசிட்டிவ், நெகட்டிவ் இருக்கும் இடம் மாறும்.

"இப்போ வயர் எங்கே, கண்டுபிடியுங்க" என்று ஒதுங்கி நின்றார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து தேடினேன். கண்ணாடித் தண்டுக்குப் பின்னாலிருந்து கூரைக்குள் நுழையும் நாலு அங்குலம் மட்டும் கண்ணில் பட்டது, அதுவும் கழுத்தை வளைத்துப் பார்த்ததால். நண்பர் உட்கார்ந்தார். அவரும் தேடினார். வாயெல்லாம் பல்.

சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. பின்னால் இன்ஜின் உறுமியது, முதுகெலும்பில் கேட்டது. சாலைக்கு வந்தோம். நானூறு மீட்டர்கூடப் போகவில்லை, பீப்! முன் அம்பு எரிகிறது, கே பேண்ட். நண்பர் அனிச்சையாகக் காலைத் தூக்கினார். போலீஸைக் காணோம். எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட். கண்ணாடிக் கதவுகள் தாமாகத் திறந்து, தள்ளுவண்டியோடு ஒரு பாட்டி வெளியே வருகிறார். அந்தக் கதவின் சென்சாரும் 24 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் பேசுகிறது, போலீஸ் ராடாரின் அதே கே பேண்ட்! கடையைக் கடக்கும்போது முன் அம்பு அணைந்து பக்கத்து அம்பு எரிந்தது. கடந்ததும் அது அணைந்து பின் அம்பு. யாரோ ஒருவர் தெருவில் நின்று, நாம் போகும் வரை திரும்பித் திரும்பிப் பார்ப்பது போல.

"அண்ணே, பார்த்தீங்களா! பார்த்தீங்களா!"

"பார்த்தேம்ப்பா!"

"இன்னொரு ரவுண்டு போவோமா?"

நான் பதில் சொல்வதற்குள் இண்டிகேட்டரைப் போட்டு, கடையின் பார்க்கிங்குக்குள் வண்டியைத் திருப்பியிருந்தார்.