நடுவிலிருந்து அறுக்கும் வயல்

இன்று முதலில் ஒரு கேள்வி. அழகான புல்வெளி ஒன்று இருக்கிறது. நிறையப் பூக்கள், தேனீக்கள், பறவைகள். அதைக் காப்பாற்ற வேண்டும். என்ன செய்வீர்கள்?

"சுற்றி வேலி போட்டு, யாரையும் உள்ளே விடக் கூடாது!" என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் ஸ்காட்லாந்துப் பக்கம் சில தீவுகளில் அப்படிச் செய்தால் புல்வெளியே கெட்டுப்போகும். எப்படி என்று பார்ப்போமா?

உலகப் படத்தை எடுத்து வையுங்கள். பிரிட்டனின் வடக்குப் பகுதி ஸ்காட்லாந்து. அதற்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் நீளமாக ஒரு தீவுக் கூட்டம் தெரிகிறதா? அதுதான் வெளி ஹெப்ரிடீஸ். அதில் வடக்கு யூயிஸ்ட், தெற்கு யூயிஸ்ட் என்று இரண்டு தீவுகள் உண்டு.

இந்தத் தீவுகளின் கிழக்குப் பக்கம் குன்றும் சதுப்புமாக இருக்கும். அங்கே மண்ணில் அமிலம் அதிகம். பயிர் சரியாக வராது. மேற்குப் பக்கம் போனால் முதலில் கடல், அடுத்து மணல்மேடு, அதற்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு சமவெளி. இதை 'மாஹிர்' என்கிறார்கள். இப்படிப்பட்ட நிலம் ஸ்காட்லாந்தின் வடமேற்கிலும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் மட்டும்தான் இருக்கிறது.

ஒரே தீவில் ஒரு பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு செழிப்பு? காரணம் கிளிஞ்சல்! ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அலைகள் சிப்பிகளையும் சங்குகளையும் நொறுக்கிக் கரையில் தள்ளின. காற்று அந்தத் தூளை உள்ளே அள்ளிக்கொண்டு வந்து பரப்பியது. கிளிஞ்சலில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. அது அமிலத்தை முறித்துவிடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிளிஞ்சலை நன்றாகப் பொடித்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். நுரை பொங்கும். அந்த நுரைக்குள் இருப்பது கரியமில வாயு. கிளிஞ்சல் அமிலத்தை முறிக்கும்போதுதான் அது வெளியே வருகிறது. மாஹிர் மண்ணிலும் இதே வேலைதான் நடக்கிறது. புரிந்ததா? சபாஷ்!

ஆனால் ஒரு சிக்கல். மணலில் தண்ணீர் நிற்காது, உரமும் தங்காது. பலமான காற்று அடித்தால் மணலே பறந்துவிடும். அப்படியானால் அங்கே எப்படி விவசாயம் செய்கிறார்கள்?

அங்கே இருப்பவர்கள் கிராஃப்டர்கள் என்ற சிறு விவசாயிகள். குளிர்காலப் புயல் அடித்து ஓய்ந்ததும் கரையில் கடற்பாசி மலைபோல் குவிந்து கிடக்கும். அதை அள்ளி வந்து, குவித்து மட்க வைத்து, வயலில் பரப்புவார்கள். இந்தப் பாசி மூன்று வேலை செய்கிறது. பயிருக்கு உரமாகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மணலையும் பறக்காமல் கட்டிப்போடுகிறது. அவர்கள் ஆழமாக உழுவதும் இல்லை. மேலாக உழுதால்தான் மண் காற்றில் போகாது.

ஓட்ஸ், ரை, பழைய வகை பார்லி மூன்றையும் விதைக்கிறார்கள். விளைவதில் பெரும்பகுதி மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனம். இரண்டு ஆண்டு பயிர் வைத்தபின், இரண்டு மூன்று ஆண்டுகள் நிலத்தைத் தரிசாக விடுவார்கள். அப்போதுதான் பூக்களுக்குக் கொண்டாட்டம்! சிவப்பாகப் பாப்பி, வெள்ளையாக டெய்சி, நிறையக் குளோவர். ஒரு காலத்தில் பிரிட்டனில் பல இடங்களில் பறந்த பெரிய மஞ்சள் பம்பிள் தேனீ, இன்று ஸ்காட்லாந்தின் வடகோடியிலும் இதுபோன்ற தீவுகளிலும்தான் பிழைத்திருக்கிறது.

மாடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. கோடையில் அவற்றைக் குன்றுப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் பூக்கள் பூத்து, விதை உதிர்க்கும். குளிர்காலத்தில் மாடுகள் திரும்பி வந்து, வளர்ந்து காய்ந்த புல்லை மேயும். சாணமும் போடும். மாடே வராவிட்டால் முரட்டுப் புல் வளர்ந்து பூச்செடிகளை மூடிவிடும். வருடம் முழுக்க மேய்ந்தாலோ, விதை விழ வழியே இருக்காது. வேலி போட்டு எல்லாரையும் வெளியே நிறுத்தினால் ஏன் கெட்டுப்போகும் என்று இப்போது தெரிகிறதா?

இனி ஒரு பறவையைப் பார்ப்போம். அதன் பெயர் கார்ன்கிரேக். நம் ஊர்க் குளக்கரையில் ஓடுகிறதே கானாங்கோழி, அதற்குச் சொந்தக்காரப் பறவை. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, கோடையில் இந்தத் தீவுகளுக்குப் பறந்து வரும். உயரமான புல்லுக்குள் ஒளிந்துகொண்டே இருக்கும். கண்ணில் படுவது அபூர்வம். இரவில் குரல் மட்டும் கேட்கும். சீப்பின் பற்களை நகத்தால் 'கிர்ர், கிர்ர்' என்று இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். அச்சு அசல் அந்தக் குரல்தான்!

அது கூடு கட்டுவதும் புல்லுக்குள், தரையில்தான். அறுப்பு இயந்திரம் வந்ததும் ஆபத்தும் வந்தது. முன்பு வயலின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே போவார்கள். குஞ்சுகளுக்கு வெட்டவெளி என்றால் பயம். அறுத்த இடத்தைத் தாண்டி ஓடாமல், மிச்சமிருக்கும் புல்லுக்குள்ளேயே பதுங்கும். கடைசியில் நடுவில் மாட்டிக்கொள்ளும். பாவம்!

இதற்கு என்ன வழி? கொஞ்சம் யோசியுங்கள்... சரியாகச் சொன்னீர்கள்! நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுக்க வேண்டும். அப்போது குஞ்சுகள் புல்லுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்த் தப்பிவிடும். அறுப்பையும் கோடையின் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள். தாமதத்தால் விவசாயிக்கு நஷ்டம் வரும் அல்லவா? அதை ஈடுகட்ட அவர்களுக்குப் பணமும் கொடுக்கப்பட்டது.

பலன் கிடைத்தது. 1993-இல் பிரிட்டன் முழுக்கக் கணக்கெடுத்தபோது, குரல் கொடுத்த ஆண் பறவைகள் 500-ஐக்கூடத் தொடவில்லை. 2014-இல் அது 1,200-ஐத் தாண்டியது. பிறகு மறுபடியும் குறைந்தது. ஒரு முறை காப்பாற்றிவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, பார்த்தீர்களா?

இன்னொன்றும் கேளுங்கள். 1974-இல் தெற்கு யூயிஸ்டில் தோட்டத்து நத்தைகளை ஒழிக்கச் சில முள்ளெலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. பிறகு அவற்றைப் பிடித்துத் தீவை விட்டு வெளியேற்றப் பெரும்பாடு பட வேண்டியதாயிற்று. தீவில் புதிதாக ஓர் உயிரை விடுமுன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

ஆக, இந்த நிலத்தை உழ வேண்டும், மேய்க்க வேண்டும், அறுக்கவும் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. அந்த நேரம் தெரிந்த விவசாயிதான் அங்கே பூவுக்கும் பறவைக்கும் காவல்காரர்.

உங்கள் ஊரிலும் மேய்ச்சல் நிலம் இருக்கிறதா? அங்கே எப்போது மாடு மேய்கிறது, எப்போது புல் அறுக்கிறார்கள், எந்தப் பறவை எப்போது கூடு கட்டுகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூட்டைக் கண்டால் மட்டும் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள்.