“இது நீங்கலாக!” – ஆவுடையார்கோவில் கல் கூரை சொல்லும் பாடம்

புதிதாகக் கோவில் கட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் ஸ்தபதியை அழைத்து வருகிறார்கள். வெற்றிலை பாக்கு வைத்துப் பேசுகிறார்கள். கூலி முடிவாகிறது. ஒப்பந்தம் எழுதும் நேரம் வருகிறது.

“நீங்கள் சொல்லும் வேலை எதுவானாலும் செய்து தருகிறேன். ஆனால், ஆவுடையார்கோவில் கொடுங்கையும் திருவலஞ்சுழி பலகணியும் நீங்கலாக!” என்கிறார் ஸ்தபதி.

அந்தக் காலத்துச் சிற்பிகள் தங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு நிபந்தனை சேர்ப்பது வழக்கமாம். தமிழ்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. பட்டியலில் வேறு சில கோவில் வேலைகளையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் ஆவுடையார்கோவில் கொடுங்கை மட்டும் தவறாமல் இடம் பெறும்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

கல்லா? மரமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கிக்கு அருகே உள்ளது ஆவுடையார்கோவில். திருப்பெருந்துறை என்பது பழைய பெயர். மாணிக்கவாசகர் குருவைக் கண்ட தலம்.

கொடுங்கை என்பது மண்டபத்தின் விளிம்பில் வளைந்து இறங்கும் கூரை. வீட்டுத் தாழ்வாரத்தைப் போல் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். உத்தரம் தெரியும். குறுக்குச் சட்டங்கள் தெரியும். சட்டங்களை இணைக்கும் ஆணிகளின் குமிழ்கூடத் தெரியும். தச்சர் நேற்றுத்தான் வேலையை முடித்துப் போனார் என்று தோன்றும்.

அத்தனையும் கல்! ஆணியும் கல், சட்டமும் கல்!

இதை நம்பாத வெள்ளைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

இந்தக் கோவிலில் இன்னொரு புதுமை. மூலவர் ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது. ஆவுடையார் என்னும் பீடம் மட்டுமே உண்டு. அம்மன் யோகாம்பிகைக்குப் பாதங்கள் மட்டுமே. எதிரே நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. சாமிக்கு உருவம் இல்லாத கோவிலில், தூண்தோறும் உருவங்களைப் பொழிந்திருக்கிறார்கள் சிற்பிகள். வீரபத்திரர், குறவன், குறத்தி, குதிரைகள் என்று ஒவ்வொன்றும் உயிரோடு நிற்பது போல் இருக்கிறது.

பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை, மாணிக்கவாசகர் இங்கே கோவில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது புராணம். பணம் கொடுப்பவர் ஒருவர். கல்லைச் செதுக்குபவர் வேறொருவர். கலை எப்போதும் இந்த இரண்டு பேரை நம்பித்தான் வளர்ந்திருக்கிறது.

நொடியில் படம்

இன்று மூன்றாவதாக ஒருவர் வந்திருக்கிறார். அவர் ஆள் அல்ல, கம்ப்யூட்டர்!

செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏ.ஐ., என்று சொல்கிறார்களே, அதுதான். “மயில்மேல் முருகன், பின்னால் மலை, காலை வெயில்” என்று செல்போனில் எழுதினால் போதும். சில நொடிகளில் படம் வந்துவிடும். இந்த வசதி 2022-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவியது.

கம்ப்யூட்டர் எப்படி வரைகிறது? கோடிக்கணக்கான படங்களை அதற்குக் காட்டிப் பழக்குகிறார்கள். எந்தச் சொல்லுக்கு எந்த வடிவம், எந்த நிறம் என்று அது கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. அந்தப் படங்களில் பல, மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்தவை. “எங்களைக் கேட்காமல் எங்கள் படங்களை எடுத்துவிட்டார்கள்” என்று அமெரிக்காவில் 3 ஓவியர்கள் 2023 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள்.

அதே நாட்டில் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், 2022-ல் ஏ.ஐ. படம் ஒன்றுக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை 300 டாலர். ஓவியர்கள் கொதித்து எழுந்தார்கள். மறு ஆண்டு அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை தர அமெரிக்க அலுவலகம் மறுத்துவிட்டது.

பேனர் ஓவியர்கள் கதை

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

சென்னையில் ஒரு காலத்தில் வானளாவ சினிமா பேனர்களும் கட்-அவுட்களும் நின்றன. எல்லாம் கையால் வரைந்தவை. சாரம் கட்டி, ஏறி நின்று, வண்ணம் தீட்டினார்கள். 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் அச்சு வந்தது. ஒரே இரவில் பேனர் தயார், விலையும் குறைவு. தூரிகை பிடித்த பல கைகள் வேறு வேலை தேடிப் போயின.

எந்திரத்தால் கலைஞன் வாழ்ந்ததும் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் காலண்டர்களாக அச்சாகி, வீட்டுக்கு வீடு பூஜை அறைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே எந்திரம் படி எடுத்தது, வரைந்தவர் மனிதர். அச்சு எந்திரத்துக்கு ஓவியர் தேவைப்பட்டார். பிளெக்ஸுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஏ.ஐ.யோ, “ஓவியரே வேண்டாம்” என்கிறது. இதுதான் வித்தியாசம்.

தாத்தாவின் படம்

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு வீட்டில் தாத்தா காலமாகிவிட்டார். மங்கிப் போன ஒரே ஒரு சிறிய போட்டோதான் இருக்கிறது. அதைப் பெரிய படமாக்க வேண்டும்.

ஏ.ஐ.யிடம் கொடுத்தால் பளிச்சென்று ஒரு முதியவர் வருவார். அழகாகவே இருப்பார். ஆனால் பாட்டி பார்த்துவிட்டு, “இது யாரப்பா?” என்று கேட்கக்கூடும்!

ஓவியர் என்ன செய்வார்? பாட்டியின் பக்கத்தில் உட்காருவார். “ஐயா தலையை எந்தப் பக்கம் வகிடு எடுப்பார்? திருநீறு பட்டையாகப் பூசுவாரா, கீற்றாகப் பூசுவாரா?” என்று கேட்பார். பாட்டி சொல்லச் சொல்ல வரைவார். மூக்கு சரியில்லை என்றால் அழித்துத் திருத்துவார். படத்தின் மூலையில் தம் பெயரை எழுதுவார். தவறு இருந்தால் நாளை அவரைப் போய்க் கேட்கலாம்.

சாமி சிலைக்கு இது இன்னும் முக்கியம். எந்தக் கையில் எந்த ஆயுதம், முகத்துக்கு என்ன அளவு என்று சிற்ப நூல்களில் இலக்கணம் உண்டு. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையம், கல்லூரியாக வளர்ந்து இன்றும் இதைக் கற்றுத் தருகிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அங்கே தலைமை வகித்தவர்.

வரையச் சொல்லும் முன்...

கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, குலதெய்வம் சிலை என்று எதுவானாலும் கலைஞரிடம் கொடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள்.

* முன்பு செய்த வேலைகளைப் பாருங்கள். “கையால் வரைந்தது” என்று சொல்லி ஏ.ஐ. படத்தை விற்பவரும் இருக்கலாம். முதலில் பென்சில் படம் காட்டச் சொல்லுங்கள்.

* அளவு, நாள், கூலி, முன்பணம், எத்தனை முறை திருத்தம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

* உரிமையைப் பேசிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னவருக்கே முதல் உரிமை. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் வழி உண்டு. ஆனால் “வரைந்தவன் நான்” என்று சொல்லும் உரிமை எப்போதும் கலைஞருக்கே.

* கடையில் பேரம் பேசுவது போல் பேசாதீர்கள். படம் 2 நாளில் முடியலாம். அதன் பின்னால் 20 வருடப் பழக்கம் இருக்கும்.

ஏ.ஐ.யை ஒதுக்கத் தேவையில்லை. கையில் காசு இல்லாதவருக்கு அது ஓர் உதவி. “இந்த மாதிரி வேண்டும்” என்று ஓவியரிடம் காட்டவும் அது பயன்படும். கலைஞரின் சோற்றில் கை வைக்காமல் இருந்தால் சரி.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் ஒரு படத்தை நீட்டிவிடும். சரியா, தவறா என்று அது கவலைப்படுவதில்லை. ஆறு விரல் வரைந்துவிட்டு வெட்கப்படுவதும் இல்லை. பழைய சிற்பியோ, முன்னோர் செய்த வேலையைக் கண்டார். தம் கையின் எல்லையை உணர்ந்தார். “இது நீங்கலாக” என்று எழுதிக் கொடுத்தார்.

முடியாததை முடியாது என்று சொன்னவர், முடியும் என்று சொன்னதைச் செய்து முடித்தார். அவர்கள் கட்டிய கோவில்கள் இன்றும் நிற்கின்றன!